விக்ரம் சாராபாய் நடத்திய பாடசாலை

ஒரு தேசத்தின் வாலிபர்கள் எதைக் கண்டு ஆச்சரியப்படுகிறார்கள் என்பதைக் கொண்டு அத்தேசத்தின் இன்றைய நிலையை ஊகிக்கலாம். எதைத் தம் கையால் செய்யக் கற்றிருக்கிறார்கள் என்பதைக் கொண்டுதான் அதன் நாளைய நிலையை அறிய முடியும். இவ்விரண்டுக்கும் உள்ள பேதத்தை நம் ஜனங்கள் நன்றாக உணர வேண்டிய காலம் வந்திருக்கிறது.

2023-ஆம் வருஷம் பிப்ரவரி 19-ஆம் தேதி, சென்னைக்குத் தெற்கே கிழக்குக் கடற்கரைச் சாலையிலுள்ள பட்டிபுலம் கிராமத்திலிருந்து ஒரு ராக்கெட்டு கிளம்பிற்று. பள்ளிக்கூட மாணாக்கர்கள் தயாரித்த 150 மிகச் சிறிய துணைக்கோள்களை அது சுமந்து சென்றது. 2024 ஆகஸ்டு 24-ஆம் தேதி அதே கடற்கரையில் திருவிடந்தையிலிருந்து ரூமி என்னும் பெயருடைய மற்றொரு ராக்கெட்டு மேலெழும்பிற்று. இவற்றைப் பற்றிப் படித்து நாம் மகிழ்ந்தோம். மயிலாப்பூரிலும் தியாகராய நகரிலும் அடையாற்றிலும் உள்ள மாணாக்கர் பலருக்கு மாடல் ராக்கெட்டு செய்ய வேண்டுமென்ற ஆவல் உண்டாகியிருப்பதும் நல்ல அறிகுறியே. ஆயினும் ஒரு கேள்வி மிஞ்சுகிறது. புகை கலைந்து, கூட்டமும் கலைந்த பிறகு, மாணாக்கனுடைய கையிலும் மூளையிலும் என்ன தங்குகிறது? இந்தக் கேள்விக்குத் தம் வாழ்நாளையே விடையாகத் தந்த ஒருவர் இருந்தார். டாக்டர் விக்ரம் சாராபாய் காலஞ்சென்று அரை நூற்றாண்டு கடந்துவிட்டது. ராக்கெட்டு விட்ட பெரியவரென்று அவரை எல்லோரும் அறிவார்கள். ராக்கெட்டைக் கொண்டு மனிதரைப் பயிற்றுவித்த உபாத்தியாயர் என்று அறிந்தவர் சிலரே. அந்தப் பிற்பகுதியையே இங்கு எடுத்துச் சொல்ல விரும்புகிறோம்.

விக்ரம் சாராபாய் 1919-ஆம் வருஷம் ஆகஸ்டு 12-ஆம் தேதி அகமதாபாத்தில் பிறந்தார். தந்தை அம்பாலால் சாராபாய், காலிகோ மில்லின் சொந்தக்காரர். தாயார் சரளா தேவி. பெருஞ் செல்வர் வீடுதான்; ஆனால் தேசத்தின் காற்று நுழையாத வீடல்ல. 1915-இல் மகாத்மா காந்தி, தீண்டாதார் என ஒதுக்கப்பட்ட வகுப்பைச் சேர்ந்த ஒரு குடும்பத்தைத் தமது ஆசிரமத்தில் சேர்த்துக் கொண்டதும், அதுவரை பொருளுதவி செய்துவந்த தனவந்தர்கள் கையை மூடிக்கொண்டார்கள். அச்சமயம் மோட்டாரில் வந்து 13,000 ரூபாயைக் கொடுத்துவிட்டுப் பேர் சொல்லாமல் சென்றவர் அம்பாலாலே என்பது பிற்பாடு வெளியாயிற்று. 1918-இல் நடந்த அகமதாபாத் மில் வேலைநிறுத்தத்தில் முதலாளிகளின் தலைவராக அம்பாலால் நிற்க, தொழிலாளர் பக்கத்தில் காந்தியடிகளுடன் நின்றவர் அவருடைய சொந்தச் சகோதரி அனசூயா. வீதியில் எதிரெதிராக நின்ற இருவரும் வீட்டில் அன்பு மாறாமல் இருந்தார்கள். விக்ரமின் மூத்த சகோதரி மிருதுளாவோ சுதந்திரப் போராட்டத்தில் பலமுறை சிறை சென்றவர். அபிப்பிராய பேதத்தால் மனிதரைப் பகைக்கலாகாது என்ற பாடத்தை விக்ரம் ஏட்டில் படித்தவரல்ல; சாப்பாட்டுக் கூடத்தில் படித்தவர்.

குழந்தைகளின் கல்விக்காக அம்பாலால் தம்பதிகள் தங்கள் மாளிகையிலேயே ஒரு பாடசாலை ஏற்படுத்தினார்கள். அங்கே புத்தகத்தோடு தச்சுப் பட்டறையும் தோட்டமும் இருந்தன. பையனாயிருக்கும்போதே விக்ரம் பட்டறையில் விருப்பங்கொண்டு, தேர்ந்த இரண்டு யந்திரத் தொழிலாளிகளின் உதவியுடன், ஓடக்கூடிய ஒரு ரயில் எஞ்சினின் மாதிரியைச் செய்து முடித்ததாக அவருடைய சரித்திரத்தை எழுதியவர்கள் கூறுகிறார்கள். பணக்காரப் பையனுக்குக் கடையில் வாங்கிய பொம்மை எஞ்சின் கிடைக்காமற் போயிராது. வாங்கியதற்கும் செய்ததற்கும் உள்ள வித்தியாசத்தை அவன் பதினைந்து வயதுக்குள் அறிந்துகொண்டான். பின்னாளில் தேசம் முழுவதற்கும் அவர் சொன்னது இதே வித்தியாசத்தைத்தான்.

குஜராத் கலாசாலையில் படித்தபின், மகாகவி தாகூரின் சிபார்சுக் கடிதத்துடன், அவர் கேம்பிரிட்ஜிலுள்ள ஸெயிண்ட் ஜான்ஸ் கலாசாலையில் சேர்ந்து விஞ்ஞானம் பயின்றார். யுத்தம் மூண்டதும் தாய்நாடு திரும்பி, பெங்களூரில் ஸர் சி. வி. ராமனிடம் ஆராய்ச்சி மாணவரானார். நம் பிரஸிடென்ஸி கலாசாலையில் படித்து வெளிவந்த ராமன், அற்ப விலையுள்ள கருவிகளைக் கொண்டு உலகம் போற்றும் உண்மையைக் கண்டவர் என்பதை நம் வாசகர்களுக்கு ஞாபகப்படுத்த வேண்டியதில்லை. அத்தகைய குருவிடம், ஆகாயத்திலிருந்து இடைவிடாது பொழியும் காஸ்மிக் கதிர்களை அளக்கும் வேலையை விக்ரம் மேற்கொண்டார். அதற்கு வேண்டிய கருவிகளைத் தாமே பொருத்தி, பெங்களூரிலும் காஷ்மீரத்து மலைகளிலும் வைத்து அளந்தார். அவருடைய முதல் ஆராய்ச்சிக் கட்டுரை 1942-இல் வெளிவந்தது.

அதே வருஷத்தில் அவருக்குச் சென்னையோடு நிரந்தரமான சம்பந்தம் ஏற்பட்டது. இங்கே பெயர்பெற்ற வக்கீலாக விளங்கிய டாக்டர் சுவாமிநாதனுடைய குமாரியும், பந்தநல்லூர் மீனாட்சிசுந்தரம் பிள்ளையிடம் பரதம் பயின்றவருமான ஸ்ரீமதி மிருணாளினியை அவர் மணந்தார். விவாகம் சென்னையிலேயே நடைபெற்றது. ஆகஸ்டுப் போராட்டம் தேசமெங்கும் கொந்தளித்துக் கொண்டிருந்த சமயமாதலால் மணமகன் வீட்டார் யாரும் வந்து சேர முடியவில்லை. மணமகளின் தாயார் அம்மு சுவாமிநாதன் பின்னர் அரசியல் நிர்ணய சபையில் அங்கம் வகித்தவர். தமக்கை லக்ஷ்மியோ நேதாஜியின் படையில் ஜான்ஸி ராணி ரெஜிமெண்டுக்குத் தலைமை வகித்த காப்டன் லக்ஷ்மி. இரு குடும்பங்களும் எவ்விதத்தில் பொருந்தின என்று விளக்கத் தேவையில்லை.

யுத்தம் முடிந்தபின் கேம்பிரிட்ஜ் சென்று 1947-இல் டாக்டர் பட்டம் பெற்றுத் திரும்பியவருக்கு வயது 28. அன்னிய ஆட்சி ஒழிந்த அதே வருஷம் நவம்பர் 11-ஆம் தேதி, அகமதாபாத்தில் ஒரு கலாசாலையின் சில அறைகளில் பௌதிக ஆராய்ச்சி நிலையத்தை அவர் தொடங்கினார். அதன் தலைமைப் பதவியில் தாம் அமராமல், பாலக்காட்டில் பிறந்து சென்னையில் படித்த பெரியவர் கே. ஆர். ராமநாதனை அமர்த்தினார். வயதிலும் அனுபவத்திலும் மேம்பட்டவருக்குக் கீழ் வேலை செய்வதை அவர் குறைவாக எண்ணவில்லை. ஸ்தாபனம் தொடங்குவோரெல்லாம் முதலில் நாற்காலியைத் தேடும் இந்நாட்டில் இது குறிப்பிடத் தக்க விஷயம்.

நிற்க. ராக்கெட்டு விஷயத்துக்கு வருவோம். பூமியின் காந்த மத்திய ரேகை நம் தேசத்தின் தெற்குக் கோடியை ஒட்டிச் செல்லுகிறது. அந்த ரேகைக்கு மேலே சுமார் 100 கிலோமீட்டர் உயரத்தில் ஒரு மின்சார ஓட்டம் ஆறு போல ஓடுகிறது. பலூன் அவ்வளவு உயரம் செல்லாது. துணைக்கோள் அவ்வளவு தாழ்வாகச் சுற்ற முடியாது. இடைப்பட்ட அந்த வெளியை ஆராய ராக்கெட்டு ஒன்றுதான் சாதனம். 1962-இல் டாக்டர் பாபாவின் ஆதரவுடன் வான்வெளி ஆராய்ச்சிக் கமிட்டி அமைந்ததும், அதன் தலைவரான சாராபாய் திருவனந்தபுரத்தை அடுத்த தும்பாக் கடற்கரையைத் தேர்ந்தெடுத்தார்.

அவ்விடம் மீனவர்கள் வசித்த இடம். அங்கே மேரி மக்தலேனா மாதா கோயில் இருந்தது. பிஷப் பீட்டர் பெர்னார்டு பெரைரா தம் ஜனங்களைக் கூட்டிக் காரியத்தைச் சொல்லி, அவர்களுடைய சம்மதத்தைப் பெற்றுத் தந்தார். மீனவக் குடும்பங்கள் தலைமுறை தலைமுறையாக வாழ்ந்த மண்ணை விட்டு வேறிடம் சென்றன. கோயிலும் பிஷப்பின் இல்லமும் ஆபீசும் பட்டறையுமாக மாறின, மாட்டுக் கொட்டகை பரிசோதனைச் சாலையாயிற்று. ராக்கெட்டின் பாகங்கள் சைக்கிளில் சென்றன. இந்திய வான்வெளி விஞ்ஞானத்தின் முதல் நன்கொடை கோடீசுவரர்கள் கொடுத்ததல்ல, ஏழை வலைஞர்கள் கொடுத்தது. இதை மறவாதிருக்க வேண்டும்.

இந்த இடத்தில் சென்னையின் பங்கைச் சொல்லாமலிருக்க முடியாது. சுதந்திரம் வந்த சில காலத்திற்குள், 1949-இல், ஸ்ரீ சி. ராஜம் என்னும் தொழிலதிபர் தம் வீட்டை விற்றுக் குரோம்பேட்டையில் சென்னைத் தொழில் நுணுக்கக் கலாசாலையைத் தொடங்கினார். எம். ஐ. டி. என்றே ஜனங்கள் அதை அழைக்கிறார்கள். விமானம், மோட்டார், எலெக்ட்ரானிக்ஸ் முதலிய புதிய துறைகளைக் கற்பிக்க அது முன்வந்தது. இராமேசுவரத்திலிருந்து வந்த அப்துல் கலாம் என்ற மாணவர் அங்கே விமானத் துறையில் சேர்ந்தார். கலாசாலையில் கண்காட்சியாக நிறுத்தியிருந்த, கழித்துவிடப்பட்ட இரண்டு விமானங்களின் அருகே, மற்ற மாணாக்கர் விடுதிக்குச் சென்ற பிறகும், அவர் நெடுநேரம் இருப்பாராம். இறுதி வருஷத்தில் அவரும் நான்கு தோழர்களும் ஒரு போர் விமானத்தின் அமைப்பை வரைய வேண்டியிருந்தது. வேலை திருப்தியாக இல்லையென்று கண்ட பேராசிரியர் ஸ்ரீநிவாசன் மூன்றே நாள் தவணை கொடுத்தார். தவறினால் உதவிச் சம்பளம் நின்றுபோகும் என்றும் எச்சரித்தார். மாணவர் இரவு பகலாக உட்கார்ந்து முடித்தார். அக்கலாசாலைத் தமிழ்ச் சங்கத்தின் கட்டுரைப் போட்டியில், நம் விமானத்தை நாமே செய்து கொள்ள வேண்டும் என்ற பொருள் பற்றி அவர் தமிழில் எழுதி முதற் பரிசு பெற்றதும், அப்பரிசு ஆனந்த விகடன் ஆசிரியர் தேவன் கையால் கிடைத்ததும் தமிழர் மகிழ வேண்டிய செய்திகள்.

அந்தக் கலாமையும், அதே கலாசாலையில் படித்துத் தேறிய ஆர். அரவமுதனையும், வேறு சில வாலிபர்களையும் சாராபாய் பொறுக்கி எடுத்து, அமெரிக்காவிலுள்ள ராக்கெட்டு நிலையங்களுக்குப் பயிற்சிக்காக அனுப்பினார். வால்லப்ஸ் தீவு நிலையத்தின் வரவேற்புக் கூடத்தில் ஓர் ஓவியம் மாட்டியிருப்பதைக் கலாம் கண்டார். ஆங்கிலேயர் மீது ராக்கெட்டுகளை ஏவும் கரிய நிறச் சிப்பாய்கள் அதில் தீட்டப்பட்டிருந்தனர். அது திப்பு சுல்தானின் சேனை! 1780-இல் நம் காஞ்சீபுரத்தை அடுத்த பொள்ளிலூரில் கம்பெனிப் படையைச் சிதற அடித்தவை மைசூர் ராக்கெட்டுகள். 1799-இல் ஸ்ரீரங்கப்பட்டணம் வீழ்ந்தபின் அவை இங்கிலாந்துக்குக் கொண்டு போகப்பட்டன. அங்கே காங்கிரீவ் என்பவர் அவற்றை ஆராய்ந்து அபிவிருத்தி செய்தார். செய்யத் தெரிந்தவர்களாக இருந்த நாம், ஏன் என்று எழுதி வைக்காமலும் அடுத்த தலைமுறைக்குக் கற்பிக்காமலும் விட்டதனால், நமது வித்தை அன்னியனுடைய ஏட்டில் ஏறிற்று. வித்தையை இழப்பதற்கு யுத்தத்தில் தோற்க வேண்டியதில்லை. பாடசாலை இல்லாமலிருந்தால் போதும்.

1963 நவம்பர் 21-ஆம் தேதி மாலை தும்பாவிலிருந்து முதல் ராக்கெட்டு கிளம்பிற்று. ராக்கெட்டு அமெரிக்கர் கொடுத்த நைக்கி அபாச்சி. அதன் தலையிலிருந்த சோடியப் பொருள் பிரெஞ்சுக்காரர் கொடுத்தது. ராக்கெட்டைத் தூக்கி வைக்கும்போது பாரந்தூக்கியில் கசிவு ஏற்பட்டு, எல்லோரும் சேர்ந்து கைப்பலத்தால் அதைச் சரியான நிலையில் நிறுத்த நேர்ந்தது. அந்தி வானத்தில் செம்மஞ்சள் நிறமான புகைக் கோடு தோன்றியபோது ஜனங்கள் வியந்து நின்றார்கள். அப்புகை நகரும் விதத்தைப் படம் பிடித்து, மிக உயரத்தில் காற்று எத்திசையில் எவ்வேகத்தில் வீசுகிறது என்று கணக்கிட்டார்கள்.

சாதாரணத் தலைவர் ஒருவர் இத்துடன் திருப்தி அடைந்திருப்பார். பத்திரிகைகள் புகழ்ந்தன, வெளிநாடுகள் மேலும் ராக்கெட்டு கொடுக்கத் தயாராயிருந்தன. ஆனால் இரவல் நகை போட்டுக்கொண்டவள் கண்ணாடி முன் நெடுநேரம் நிற்க மாட்டாள். சாராபாய் இரண்டு வழிகளில் ஒரே சமயத்தில் முயன்றார். பிரெஞ்சுக்காரரிடம் அனுமதி பெற்று அவர்களுடைய செந்தோர் ராக்கெட்டை இங்கேயே தயாரிக்க ஏற்பாடு செய்தது ஒன்று. முற்றிலும் நம்மவராலேயே ஒரு சிறு ராக்கெட்டு செய்ய வைத்தது மற்றொன்று. அவ்விதம் பிறந்ததுதான் ரோகிணி 75. 1967 நவம்பர் 20-ஆம் தேதி அது தும்பாவிலிருந்து ஏவப்பட்டது. அதன் குறுக்களவு 75 மில்லிமீட்டர், அதாவது சுமார் மூன்று அங்குலம். ஓர் ஆள் தூக்கிச் செல்லக்கூடிய பொருள். சந்திரனை நோக்கி ராட்சத ராக்கெட்டுகளை மற்ற வல்லரசுகள் தயாரித்துக் கொண்டிருந்த வருஷத்தில், மூன்றங்குலக் குழாயைக் கண்டு பரிகசித்தவர்களும் இருந்திருப்பார்கள்.

பரிகசிப்போர் ஒன்றை யோசிப்பதில்லை. பெரிய ராக்கெட்டில் உள்ள சகல சங்கதிகளும் சிறிய ராக்கெட்டில் உண்டு. எரிபொருளைக் கலந்து விரிசல் இல்லாமல் வார்க்க வேண்டும். உள்ளே எழும் அழுத்தத்தையும் உஷ்ணத்தையும் குழாய் தாங்க வேண்டும். வாயு வெளிப்படும் மூக்கின் தொண்டை தக்க அளவில் கடையப்பட வேண்டும். எடையின் மையம் முன்னும் காற்றழுத்தத்தின் மையம் பின்னும் விழும்படி சிறகுகளை அமைக்க வேண்டும். அது மாறினால் ராக்கெட்டு தலைகீழாய்ப் புரளும். குறித்த கணத்தில் பற்ற வைக்க வேண்டும். சென்ற பாதையைக் கண்காணித்து, முன்கூட்டிப் போட்ட கணக்கோடு ஒத்துப் பார்க்க வேண்டும். இரசாயனம், பௌதிகம், கணிதம், உலோக சாஸ்திரம், மின்சாரம் ஆகிய ஐந்து துறைக்காரர்களும் ஒரே மேஜையைச் சுற்றி உட்கார்ந்தாலன்றி அந்தச் சிறு குழாய் கிளம்பாது. பெரியதில் தோற்றால் கோடி ரூபாய் போகும். நெடுங்காலம் ஊக்கம் குன்றும். சிறியதில் தோற்றால் அடுத்த மாதம் வேறொன்று செய்யலாம். ஆகவே சிறு ராக்கெட்டு பெரிய ராக்கெட்டின் ஏழைத் தம்பி அல்ல, அதன் அரிச்சுவடி. அரிச்சுவடியைத் தாண்டிக் குதித்துக் காவியம் படிக்க முயலும் அவசரம் அவரிடம் இல்லை.

இளைஞர்களிடம் அவர் நடந்துகொண்ட முறையும் கவனிக்கத் தக்கது. வயதுக்கும் அனுபவத்துக்கும் மீறிய பொறுப்பை அவர் துணிந்து கொடுப்பார். கொடுத்தபின் கூடவே நின்று கையைப் பிடிக்க மாட்டார். தவறு நேர்ந்தால் யார் செய்தது என்று தேடுவதைவிட, எப்படி நேர்ந்தது என்று தேடுவதே அவருக்கு முக்கியம். இந்தப் பழக்கம் அவருக்குப் பின்னும் நிலைத்தது. 1979 ஆகஸ்டு 10-ஆம் தேதி கலாமின் பொறுப்பில் ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து ஏவப்பட்ட எஸ். எல். வி. 3, ஒரு வால்வின் கோளாறினால் அமிலம் கசிந்து, வங்காள விரிகுடாவில் விழுந்தது. அப்போது தலைவராயிருந்த பேராசிரியர் ஸதீஷ் தவான் பத்திரிகையாளர் முன் தாமே பொறுப்பை ஏற்றுக்கொண்டார். 1980 ஜூலை 18-ஆம் தேதி அதே குழுவினர் ரோகிணித் துணைக்கோளைச் சுற்றுப் பாதையில் நிறுத்தியபோது, புகழைக் கலாமுக்கு விட்டுக் கொடுத்தார். மூன்றங்குல ராக்கெட்டில் தொடங்கிய பாடசாலையின் பரீட்சை முடிவு இதுவே.

பாடசாலை என்று நாம் கூறுவது உபசார வார்த்தையன்று. 1966-இல் டாக்டர் பாபா விமான விபத்தில் மாண்டபின் அணுசக்திக் கமிஷனின் தலைமை சாராபாயின் மேல் விழுந்தது. தலைக்கு மேல் வேலையிருந்த அதே வருஷத்தில் அகமதாபாத்தில் சமூக விஞ்ஞான நிலையத்தை நிறுவினார். பள்ளிப் பிள்ளைகளும் உபாத்தியாயர்களும் பொது ஜனங்களும் வந்து, கருவிகளைத் தொட்டுப் பார்த்து, தாமே பரிசோதனை செய்து கற்க வேண்டும் என்பது அதன் நோக்கம். 1968-இல் வயது முதிர்ந்த ராமன் அந்நிலையத்தின் பொருட்டு அங்கே சென்று, வானம் ஏன் நீலமாயிருக்கிறது என்ற பொருள் பற்றிப் பிள்ளைகளுக்குப் பிரசங்கம் செய்தார். அணுசக்திக் கமிஷன் தலைவரும் நோபெல் பரிசு பெற்றவரும் சிறு பிள்ளைகளுக்காக ஓரிடத்தில் கூடியது, கல்வி மந்திரிகள் யாவரும் மனத்தில் கொள்ளத் தக்க காட்சி.

பட்டினி கிடக்கும் நாட்டுக்கு ராக்கெட்டு எதற்கு என்று அக்காலத்தில் பலர் வாதாடினார்கள். அது அற்ப வாதமல்ல. தேசபக்தர் எவரும் கேட்க வேண்டிய கேள்வியே. சாராபாய் அதற்கு நேர்மையாகப் பதில் சொன்னார். வல்லரசுகளோடு போட்டியிட்டுச் சந்திரனுக்கு ஆள் அனுப்பும் கனவு தமக்கு இல்லையென்றும், தேசத்தின் உண்மையான குறைகளைத் தீர்க்க உயர்ந்த விஞ்ஞானத்தைப் பயன்படுத்துவதில் நாம் யாருக்கும் பின்வாங்கலாகாது என்றும் விளக்கினார். அவர் திட்டமிட்டபடி 1975-76-இல் 2,400 கிராமங்களுக்குத் துணைக்கோள் மூலம் டெலிவிஷன் கல்வி சென்றது. அதைக் காண அவர் இருக்கவில்லை. 1969 ஆகஸ்டு 15-ஆம் தேதி இந்திய வான்வெளி ஆராய்ச்சி ஸ்தாபனம் பிறந்தது. சென்னைக்கு வடக்கேயுள்ள ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து 1971 அக்டோபர் 9-ஆம் தேதி ரோகிணி 125 முதன்முதலாக ஏவப்பட்டது. அவ்வருஷம் டிசம்பர் 30-ஆம் தேதி, ராக்கெட்டு வேலையின் நிமித்தம் திருவனந்தபுரம் வந்திருந்த சாராபாய், கோவளத்தில் இரவில் உறங்கியவர் எழுந்திருக்கவில்லை. வயது 52. மில், ஆராய்ச்சி நிலையம், நிர்வாகக் கல்விக் கழகம், அணுசக்தி, வான்வெளி என்று பல சுமைகளை ஒரே தோளில் தாங்கியதால் தேகம் தளர்ந்தது என்று அவரை அறிந்தவர்கள் வருந்தினார்கள். அவர் மறைந்தும் வேலை நிற்கவில்லை. அவர் செய்து வைத்துப் போனவை யந்திரங்களாக மட்டும் இருந்தால் நின்றிருக்கும். மனிதர்களைச் செய்து வைத்துப் போனார்.

இனி நம் நகரத்தைப் பார்ப்போம். சென்னைக்கு எதில் குறை? கிண்டி இஞ்சினீயரிங் கலாசாலை இருக்கிறது. ஐ. ஐ. டி. இருக்கிறது. கோட்டூர்புரத்தில் 1988 முதல் பிர்லா கோளரங்கம் இருக்கிறது. அண்ணா சர்வகலாசாலையார் தயாரித்த அனுஸாட் என்னும் துணைக்கோள் 2009 ஏப்ரல் 20-ஆம் தேதி ஆகாயம் ஏறியது. ஐ. ஐ. டி.யில் வளர்ந்த அக்னிகுல் என்ற கம்பெனியின் வாலிபர்கள் தங்கள் ராக்கெட்டை 2024 மே 30-ஆம் தேதி ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து ஏவினார்கள். குலசேகரன்பட்டினத்தில் புதிய ராக்கெட்டுத் தளத்துக்கு 2024 பிப்ரவரியில் அஸ்திவாரம் போட்டாகிவிட்டது. உச்சியில் குறையில்லை; குறை அடியில் இருக்கிறது. மயிலாப்பூர் மாட வீதிகளிலிருந்து தியாகராய நகர் வரை, விடிவதற்கு முன்பே பிள்ளைகள் டியூஷனுக்கு ஓடுகிறார்கள். நியூட்டனின் மூன்றாவது விதியை உறக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் ஒப்பிப்பார்கள். தீபாவளி ராக்கெட்டுக்கு ஏன் நீளமான குச்சி கட்டியிருக்கிறது என்று கேட்டால் விழிப்பார்கள். பின்னால் நீண்ட குச்சியைக் காற்று தள்ளித் திருத்துவதனால்தான் அது நேரே செல்கிறது. குச்சியை ஒடித்துவிட்டால் பக்கத்து வீட்டுக்குள் பாய்கிறது. விதி புத்தகத்தில் இருக்கிறது, குச்சி வீதியில் இருக்கிறது. இரண்டையும் இணைப்பதற்கு உபாத்தியாயர் வேண்டும்.

மாடல் ராக்கெட்டு என்ற பேரால் பெட்டியில் அடைத்து விற்கும் சாமான்களை வாங்கி, ஒட்டி, பற்ற வைத்து, படம் எடுத்துக்கொண்டு கலைவது கல்வியாகாது. அது வாணவேடிக்கை. மாணாக்கன் முதலில் கணக்குப் போட்டு, இது இத்தனை உயரம் செல்லும் என்று எழுதி வைக்க வேண்டும்; பிறகு ஏவி, அளந்து, கணக்கு ஏன் பிசகிற்று என்று ஆராய வேண்டும். நீதி ஸ்தலத்தில் சாட்சியில்லாத வாதம் எடுபடாதது போலவே, அளவில்லாத பரிசோதனையும் எடுபடாது. இதற்குப் பெரும் பணம் வேண்டாம். சோடா அடைத்து வரும் இரண்டு லிட்டர் பிளாஸ்டிக் புட்டியில் மூன்றில் ஒரு பங்கு தண்ணீர் விட்டு, வாய்க்கு இறுக்கமான தக்கையும் சைக்கிள் பம்பும் பொருத்திக் காற்றடைத்தால், தண்ணீர் கீழே பீறிட்டுப் புட்டி மேலே பாயும். முப்பது மீட்டர் தூரத்தில் நிற்கும் மற்றொரு மாணாக்கன், பாகைமானியில் நூலும் கல்லும் கட்டிக் கோணத்தைப் பார்க்க வேண்டும். 45 பாகை இருந்தால் அவன் கண்மட்டத்துக்கு மேல் உயரமும் முப்பது மீட்டர். தண்ணீரைக் கூட்டியும் குறைத்தும், சிறகை மாற்றியும் பத்து முறை செய்து ஒரு நோட்டுப் புத்தகத்தில் குறித்தால், அவ்வகுப்பு ஒரு வருஷத்துப் பௌதிகத்தை ஒரு மாதத்தில் ருசித்துவிடும்.

ஓர் எச்சரிக்கையும் அவசியம். ஆர்வ மிகுதியால் வெடிமருந்தை வீட்டில் கலப்பது கையையும் கண்ணையும் பறித்துவிடும். லைசென்ஸ் இல்லாமல் வெடிமருந்து தயாரிப்பது 1884-ஆம் வருஷத்து வெடிபொருள் சட்டப்படி குற்றமுமாகும். எரிபொருள் ராக்கெட்டுகள் தேர்ந்த ஆசிரியரின் மேற்பார்வையில், உரிய அனுமதியுடன், ஜன நடமாட்டமில்லாத வெளியில் மட்டுமே ஏவப்பட வேண்டும். தும்பாவில் கலாமுக்கு இடப்பட்ட முதல் வேலைகளில் பாதுகாப்பும் ஒன்று என்பதை இளைஞர்கள் மறக்கலாகாது.

தேசத் தொண்டர்களுக்கு நம் விண்ணப்பம் இதுதான். ஆகஸ்டு 12-ஆம் தேதி சாராபாயின் படத்துக்கு மாலை போடுவது சுலபம். அதைவிட, உங்கள் பேட்டையிலுள்ள ஒரு கார்ப்பரேஷன் பள்ளிக்கூடத்தில் ஒரு தச்சு மேஜையும் ஒரு ரம்பமும் ஒரு தராசும் வாங்கி வையுங்கள். பென்ஷன் பெற்ற இஞ்சினீயர்கள் அடையாற்றிலும் மயிலாப்பூரிலும் வீட்டுக்கு வீடு இருக்கிறார்கள். வாரத்தில் ஒரு மாலை அவர்களை அழைத்து வாருங்கள். குப்பத்துப் பிள்ளைகள் அங்கே முதல் வரிசையில் உட்காரட்டும். இதைத் தர்மமாக நாம் கேட்கவில்லை, கடனாகக் கேட்கிறோம். வலைஞர்கள் தங்கள் கோயிலையும் குடிசையையும் கொடுத்து இந்நாட்டு ராக்கெட்டுக்கு இடம் தந்தார்கள். இன்று துணைக்கோள்கள் புயல் வருவதை முன்கூட்டிக் காட்டுகின்றன. கடலில் மீன் கூடும் இடத்தை அறியவும் உதவுகின்றன. அது கடனில் ஒரு பாதி. அந்த வலைஞரின் பேரப் பிள்ளைகள் ராக்கெட்டைக் கரையில் நின்று அண்ணாந்து பார்ப்பவர்களாக மட்டும் இராமல், அதைக் கணக்கிட்டுச் செய்பவர்களாகவும் ஆகும் நாளில்தான் மற்றப் பாதியும் தீரும்.